ஹுவேயில் ஒரு நாள், ஒரு சைக்கிள்: எந்தப் பக்கம் மிதிப்பது?

என் மச்சினன் வியட்நாமுக்கு டிக்கெட் போட்டுவிட்டான், புது மனைவியோடு. முதலில் டா நாங் கடற்கரை. அங்கிருந்து ஹாய் வான் கணவாயை ஒட்டிக் கடலோரமாகப் போகும் ரயிலில் ஹுவே. சாயங்காலம் போய் இறங்கினால் மறுநாள் முழுசாகக் கையில் இருக்கும். அதற்கு அடுத்த நாள் கிளம்பியாக வேண்டும். "நீங்களும் அக்காவும் நாலு நாள் அங்கே சைக்கிள் மிதிச்சீங்களே மாமா, எங்களுக்கு ஒரு நாள்தான் இருக்கு. எந்தப் பக்கம் போறது?" என்று போனில் கேட்டான். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, அவன் முன்பைவிடக் குழம்பிப்போய் போனை வைத்தான். தப்பு என் மேல்தான். நாலு பக்கத்தையும் ஒரே மூச்சில் புகழ்ந்தால் யார்தான் முடிவெடுப்பார்கள்? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஹுவே போகிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

ஊரின் அமைப்பு சுலபம். நடுவில் வாசனை ஆறு. மேல்புறத்துத் தோட்டங்களின் பூக்கள் விழுந்து தண்ணீரே மணக்கும் என்று பெயருக்குக் காரணம் சொல்கிறார்கள். எங்கள் மூக்குக்கு எட்டவில்லை. வடகரையில் கோட்டை. 1802 முதல் 1945 வரை வியட்நாமை ஆண்ட ங்குயென் வம்சத்தின் தலைநகரம் இதுதான். தென்கரையில் ஹோட்டல்கள், காப்பிக் கடைகள், ரயில் நிலையம். இரண்டையும் இணைக்கிறது ட்ருவோங் தியன் பாலம், 1899-ல் கட்டிய 6 கண் இரும்புப் பாலம். வியட்நாம் போரின்போது 1968 சண்டையில் இடிந்து, பிறகு சரிசெய்யப்பட்டது. நீங்கள் தங்கப்போவது அநேகமாகத் தென்கரையில், இந்தப் பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். அதனால் கணக்கையெல்லாம் பாலத்திலிருந்தே போடுகிறேன்.

பாலத்திலிருந்து நாலு பக்கம் போகலாம். நேர் எதிரே கோட்டைக்குள். மேற்கே வடகரை வழியாகத் தியன் மு கோபுரம் வரை. தெற்கே மலைப்பக்கம், ராஜாக்களின் சமாதிகளுக்கு. தென்கிழக்கே வயல்வெளி வழியாகத் தான் தோவான் என்ற பழைய மரப்பாலத்துக்கு. எல்லாமே நல்ல பக்கம்தான். ஆனால் கேள்வி, ஒரு நாளில் வியர்த்து விறுவிறுக்காமல், அவசரமில்லாமல் சுற்றுவது எப்படி என்பது. அதனால் நான் பார்ப்பது நாலே விஷயம்: நிழல், ஏற்றம், லாரி, அப்புறம் உட்கார இடம். எந்த இடத்துக்குப் பெயர் பெரிது என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை. நிறைய ஹோட்டல்களில் இலவசமாகவோ, சில பத்தாயிரம் டாங்குக்கோ தருவார்கள். பத்தாயிரம் என்றதும் பயப்பட வேண்டாம். நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். கிடைப்பது பெரும்பாலும் கியர் இல்லாத, முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். சீட்டைத் தாழ்வாக வைத்திருப்பார்கள். உயரமான ஆளாக இருந்தால் அதை ஏற்றிவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மாலையில் முட்டி பேசும். பிரேக்கை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எனக்குக் கொடுத்த முதல் சைக்கிளில் பின் பிரேக் வெறும் அலங்காரம்.

இன்னொன்று, அங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். இது தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் நாள் காலை காலியான ஒரு தெருவில் திரும்பியதும் கை தானாகச் சைக்கிளை இடப்பக்கம் கொண்டுபோய்விட்டது. எதிரே மொபெட்டில் கீரைக் கட்டோடு வந்த பாட்டி திட்டவில்லை. நிறுத்தி, சிரித்து, கையால் எதிர்ப்பக்கத்தைக் காட்டிவிட்டுப் போனார். கூட்டமான தெருவில் தப்பு வராது, எல்லோரும் போகிற பக்கம் நாமும் போய்விடுவோம். காலியான தெருவில்தான் கவனம் வேண்டும்.

கோட்டைக்குள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதைத் தனி நாளாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1805-ல் தொடங்கி 1832-ல் முடித்த கோட்டை. சுற்றளவு ஏறக்குறைய 10 கி.மீ. வோபான் என்ற பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளரின் முறையில் மூலைக்கு மூலை அம்புமுனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மதில், சுற்றிலும் அகழி. எல்லோரும் போவது இதற்குள் இருக்கும் அரண்மனை வளாகத்துக்கு. ஙோ மோன் வாசலில் சைக்கிளை விட்டுவிட்டு நடந்துதான் போக வேண்டும். நாங்கள் போனபோது ஆளுக்கு 2 லட்சம் டாங் டிக்கெட். நடந்து பார்க்கவே மூன்று மணி நேரம் ஆகிவிடும், அதில் பாதி வெயிலில். சைக்கிள் வாசலில் தூங்கும்.

சைக்கிளுக்கு ஏற்ற கோட்டை வேறொன்று இருக்கிறது, அதே மதிலுக்குள். அரண்மனைக்குப் பின்னால் சாதாரண மக்கள் வாழும் ஊர்: குறுக்குச் சந்துகள், வாசலில் கோழி, காய்கறிப் பாத்தி, குளங்கள். தின் தாம் குளத்தில் கோடையில் தாமரை நிறையும். அந்தக் குளத்துத் தாமரை விதைக்கு அந்த ஊரில் தனி மதிப்பு. மதில் மேலேயே பல தலைமுறையாகக் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை 2019-லிருந்து வேறு இடத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். அதனால் மதிலின் மேல்தளம் இப்போது பல இடங்களில் வெறும் புல். இந்தச் சந்துகளில் ஒன்றரை மணி நேரம் வழி தப்பித் திரிந்தால் போதும், மனசு நிறைந்துவிடும். எவ்வளவு தப்பினாலும் மதில் வந்து நம்மைத் திருப்பிவிடும் என்பது இதில் ஒரு வசதி.

ஆக, கோட்டை என்பது வேறொரு பாதையோடு சேர்த்துக்கொள்ள வேண்டிய பகுதி. தனியாக எடுத்தால் நாள் மீந்துபோகும்.

மலைப்பக்கம், சமாதிகள்

பயண ஏஜெண்டைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார். நான் இதைச் சைக்கிளில் வேண்டாம் என்று சொல்ல வந்தவன். ஆனாலும் பாதி வழி வரைக்கும் இதைப்போல ஒரு பாதை கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தென்கரையில் ஆற்றை ஒட்டி மேற்கே போகிற சாலைக்கு புய் தி சுவான் என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் யானைப்படை நடத்திய பெண் தளபதி அவர். ங்குயென் வம்சத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று சண்டை போட்டவர். 1802-ல் தோற்றுப் பிடிபட்டபோது, இதே ஊரில் யானையை விட்டே அவரைக் கொன்றதாகச் சொல்கிறார்கள். அவர் பெயர் தாங்கிய சாலையில் மேற்கே போய், தூய் பியூ கிராமத்துக்குள் திரும்பினால், ஹோ குயென் என்ற வட்டமான செங்கல் அரங்கம் வருகிறது. 1830-ல் கட்டியது. அரசர் முன்னால் யானைக்கும் புலிக்கும் சண்டை விடுவார்கள். யானை அரசனுக்கு அடையாளம், அதனால் யானைதான் ஜெயிக்க வேண்டும். அதற்காகப் புலியின் பல்லையும் நகத்தையும் முன்கூட்டியே பிடுங்கிவிடுவார்களாம். கடைசிச் சண்டை 1904-ல் நடந்தது. நாங்கள் போனபோது அங்கே ஒரு ஈ, காக்கை இல்லை. சுற்றுச்சுவரில் புலிக்கூண்டுகளின் சின்னச் சின்ன வாசல்கள் மட்டும் திறந்து கிடந்தன. பக்கத்திலேயே செத்துப்போன போர் யானைகளுக்கு ஒரு கோயில் இருக்கிறது. யானைக்குக் கோயில் என்றால் நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தூய் பியூ முழுக்கப் பம்ப்ளிமாஸ் தோட்டம். அந்தப் பழத்துக்கு அங்கே "தான் சா" என்று பெயர். ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் வாசலிலேயே வைத்து விற்பார்கள். சந்துகள் எல்லாம் வேலி, நிழல், நாய். இதுவரை தரை சமம்.

அதற்கப்புறம்தான் வம்பு. து டுக் அரசரின் சமாதிக்குப் போகத் தெற்கே திரும்பினால் ஏற்றம் தொடங்கும். பெரிய மலை ஒன்றும் இல்லை, குன்றுகள்தான். ஆனால் கியர் இல்லாத சைக்கிளுக்கும் 35 டிகிரி வெயிலுக்கும் குன்றே போதும். வழியில் வோங் கான் குன்றில் ஏறி நின்றால் ஆறு வளைந்து திரும்புவது முழுதாகத் தெரியும், அந்த ஏற்றத்துக்கு அது கூலி. து டுக் சமாதியும் அழகானதுதான். 1864 முதல் 1867 வரை கட்டி, சாவதற்கு முன்பே அங்கே குடிவந்து, குளக்கரை மண்டபத்தில் கவிதை எழுதிக்கொண்டு இருந்தவர். கட்ட வந்த வேலையாட்கள் கொடுமை தாங்காமல் 1866-ல் கலகம் செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மனைவியர், குழந்தை இல்லை. புகழ்பாட மகன் இல்லாததால் தன் கல்வெட்டைத் தானே எழுதிக்கொண்டார், அதில் தன் குறைகளையும் சேர்த்து. அவர் உடல் நிஜமாக எங்கே புதைந்திருக்கிறது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. 1883-ல் இறந்தார்.

இங்கேயே திரும்பிவிட்டால் போய்வர 20 கி.மீ. சொச்சம். ஆனால் யாரும் இங்கே திரும்புவதில்லை, அதுதான் சிக்கல். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, காய் டின், மின் மாங் சமாதிகளையும் பார்த்துவிடுவோம்" என்று மனசு கணக்குப் போடும். நானும் போட்டேன். காய் டின் ஊருக்கு 10 கி.மீ. வெளியே, மின் மாங் 12 கி.மீ. அந்தப் பக்கச் சாலையில் மணல் லாரிகள். லாரி கடந்து போனால் முகத்தில் ஒரு கை மாவு. காய் டினில் 127 படி ஏற வேண்டும், மிதித்துக் களைத்த காலோடு. கறுத்துப்போன சிமெண்டுக் கட்டடத்துக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சில்லு, பீங்கான் சில்லு ஒட்டி இழைத்த வேலைப்பாடு. 1920-ல் தொடங்கி, அரசர் 1925-ல் செத்தும் முடியாமல், 1931 வரை இழுத்த வேலை. பார்க்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு அங்கே ஞாபகம் இருப்பது, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியது. சமாதிக்குச் சமாதி 1.5 லட்சம் டாங் டிக்கெட் வேறு. இருவருக்கு மூன்று சமாதி என்றால் நம் பணத்தில் 3,000 ரூபாய்.

சமாதிகளுக்குக் கார் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மொபெட். சைக்கிளை தூய் பியூ வரை மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்புகிற கட்டுப்பாடு உங்களுக்கு இருந்தால் இந்தப் பக்கம் அருமையான அரை நாள். எனக்கு இல்லை.

வயல் வழி, தான் தோவான்

இது என் சொந்த விருப்பம். எதற்காக மச்சினனுக்கு இதைச் சொல்லவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிளம்புவது காலை ஆறரைக்கு. நேராக வயலுக்குப் போகாமல் முதலில் ஆற்றின் நடுவே உள்ள கோன் ஹென் என்ற திட்டுக்குப் போய்விட வேண்டும், வி டா பக்கத்துச் சின்னப் பாலம் வழியாக. அங்கே காலைப் பலகாரம் கம் ஹென். ஆற்றில் அள்ளிய, சுண்டுவிரல் நகத்தளவுச் சிப்பியின் சதை, ஆறிப்போன சோறு, வேர்க்கடலை, நறுக்கிய தழைகள், புளிப்புக்கு விளிம்பிப்பழம் மாதிரி ஐந்து மூலை நட்சத்திரப்பழம், மிளகாய், கொஞ்சம் இறால் விழுது. சூடான சோறு கேட்டால் சிரிப்பார்கள். பழைய சோற்றில்தான் அதன் ருசி. கிண்ணத்தைப் பார்த்ததும் என் மனைவி, "இது நம்ம பழையது, பக்கத்துல கருவாட்டுக்குப் பதில் சிப்பி" என்றாள். அவ்வளவுதான் விஷயம். காரம் நிஜமாகவே காரம், ஆந்திராக்காரர்கூட ஒப்புக்கொள்வார்.

சைவக்காரர்கள் இந்த இடத்தில் முகம் சுளிக்க வேண்டாம். ஹுவே பௌத்த ஊர். அமாவாசை கழிந்த முதல் நாளும் பௌர்ணமியும் ஊரில் நிறையப் பேர் மரக்கறிதான். "சாய்" என்று எழுதிய கடை எங்கும் உண்டு. "ஆன் சாய்" என்றால் நான் சைவம் என்று அர்த்தம். இந்த இரண்டு சொல் தெரிந்தால் நாலு நாளும் ஓட்டிவிடலாம்.

சாப்பிட்டுவிட்டுத் தென்கிழக்கே திரும்பினால் அரை மணியில் ஊர் கழன்றுவிடும். வாய்க்கால் ஓரமாகச் சிமெண்டுப் பாதை, இரண்டு பக்கமும் நெல், வாய்க்காலில் வாத்துக் கூட்டம், வயலுக்கு நடுவே வண்ணம் பூசிய கல்லறைகள். ஏற்றம் என்றால் வாய்க்கால் பாலம்தான், அதுவும் நாலு மிதி. லாரி கிடையாது. பாலத்திலிருந்து 8 கி.மீ. போனால் தான் தோவான்.

மரப்பாலம், மேலே ஓட்டுக் கூரை. 1776-ல் ட்ரான் தி தாவ் என்ற பெண்மணி தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. பிள்ளையில்லாதவர். பிறந்த ஊர் ஜனங்கள் வாய்க்காலைக் கடக்கச் சிரமப்படுகிறார்கள் என்று கட்டினார், வழிப்போக்கர் உட்காரவும் படுக்கவும் இரண்டு பக்கமும் பலகை வைத்து. 1925-ல் காய் டின் அரசர் அந்த அம்மாளுக்குப் பட்டம் கொடுக்க, பாலத்திலேயே அவருக்கு ஒரு மாடம் இருக்கிறது. ஊதுவத்தி அணைவதே இல்லை. நமக்குப் புரியும்படி சொன்னால் பாலமும் சுமைதாங்கியும் சாவடியும் ஒன்றாகச் சேர்ந்தது. கட்டி ஏறக்குறைய இருநூற்றைம்பது வருடம் ஆகிறது, இன்னும் அதே வேலையைத்தான் பார்க்கிறது. பத்து மணிக்கு நாங்கள் போனபோது பலகையில் நாலு தாத்தாக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்தேன். கீழே தண்ணீர், மேலே ஓடு, காற்று ஊடே போகிறது. கண்ணை மூடினேன், பதினொன்றரைக்குத்தான் மனைவி எழுப்பினாள். டிக்கெட் கிடையாது.

பக்கத்திலேயே விவசாயக் கருவிகளுக்குச் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. ஏர், முறம், இறைகூடை, நெல் தூற்றும் மரப்பெட்டி. என் மனைவி ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். அதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று அவள் கேட்ட கேள்விதான் இந்தப் பாதையின் ஒரே குறை: "நாச்சியார்கோயில் ரோட்டுல பாக்காத எதை இங்கே பார்த்தோம்?"

நியாயம்தான். நாங்கள் கும்பகோணத்துப் பக்கம். அறுவடை முடிந்ததும் ரோட்டிலேயே நெல்லைக் கொட்டிக் காயவைப்பதுவரை எல்லாம் அதே மாதிரி. எனக்கு அந்த ஒற்றுமையே போதையாக இருந்தது, அவளுக்கு இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ பிறந்து வளர்ந்தவர்கள் இரண்டாவது யோசனையே இல்லாமல் இந்தப் பக்கம் போகலாம். டெல்டாக்காரர்கள் வீட்டில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாதையில் நிழல் கிடையாது. ஒன்பதரைக்குள் போய்ச் சேர்ந்து, பாலத்தில் படுத்து, வெயில் தாழ்ந்தபின் திரும்புவது ஒரு வழி. இல்லையென்றால் பத்தரைக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். நான் தூங்கிவிட்டதால் உச்சி வெயிலில் 8 கி.மீ. மிதித்தேன். அன்று மதியம் முழுக்க ஹோட்டல் ஏசியில்தான் கிடந்தோம்.

வடகரை, தியன் மு

பாலத்தைக் கடந்து இடதுபக்கம் திரும்பினால் ஆறு இடதுகைப் பக்கமே வரும், 5 கி.மீ. தூரமும். சமதரை. கரையில் மரங்கள். வழியில் கிம் லாங் பகுதி, பழைய அதிகாரிகள் வீடுகள்: வேலி, முற்றத்தில் சின்னக் குளம், அதற்குப் பின்னால் தாழ்ந்த ஓட்டு வீடு, சுற்றிலும் பழமரம். வீடு வெளியே தெரியக்கூடாது என்று கட்டியதுபோல இருக்கும். ஒன்றிரண்டைப் பார்க்க விடுகிறார்கள். கரையில் பத்து வீட்டுக்கு ஒரு காப்பிக் கடை, தாழ்வான பிளாஸ்டிக் ஸ்டூல். உப்புக் காப்பி கேளுங்கள், இந்த ஊர்ச் சரக்கு, 2010-ல் இங்கேதான் தொடங்கியது. கடுங்காப்பி மேலே உப்புப் போட்டு அடித்த பாலாடை. கேட்க விநோதம், மோரில் உப்புப் போடுகிறவர்களுக்கு அது ஒன்றும் தப்பாகப் படாது.

தியன் மு கோயில் ஆற்றின் வளைவில் மேட்டின்மேல் நிற்கிறது. சிவப்பு உடை உடுத்திய வயதான பெண் தோன்றி, இங்கே ஒரு தலைவன் வந்து கோயில் கட்டுவான் என்று சொன்னதாகக் கதை. அதைக் கேட்ட ங்குயென் ஹோவாங் 1601-ல் கட்டினார். 7 அடுக்குக் கோபுரம் பிற்பாடு வந்தது, 1844-ல், 21 மீட்டர் உயரம். மணியை 1710-ல் வார்த்தார்கள், எடை ஏறக்குறைய 2 டன். டிக்கெட் இல்லை.

பின்கட்டில் ஒரு கொட்டகையில் வெளிர்நீல ஆஸ்டின் கார் நிற்கிறது. 1963 ஜூன் 11 அன்று திக் குவாங் டுக் என்ற பிக்கு, சைகோனில் ஒரு நாற்சந்திக்கு இந்தக் காரில் வந்திறங்கி, நடுரோட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து தீக்குளித்தார். தென் வியட்நாம் அரசு பௌத்தர்களை நசுக்கியதற்கு எதிர்ப்பு. பத்மாசனத்தில் எரிந்துகொண்டிருக்கும் அந்தப் புகைப்படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். படத்தில் பின்னால் பானெட் திறந்து நிற்பது இதே கார். சாதாரணப் பழைய கார், டயர் தேய்ந்தது. அதன் முன் பத்து நிமிடம் நின்றோம். உல்லாசமாகச் சுற்ற வந்த நாளில் இது எதற்கு என்று தோன்றலாம். நாங்கள் அன்று முழுவதும் பேசியது அதைப் பற்றித்தான்.

காலையில் போனால் சுற்றுலாப் படகுகள் வரிசையாக வந்து ஆளை இறக்கும். நாலு மணிக்கு மேல் போங்கள். கூட்டம் வடிந்திருக்கும், சூரியன் மேற்கே மலைகளின் பக்கம் இறங்கும், மேட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஆறு இரண்டு பக்கமும் தெரியும். இன்னும் ஒரு கி.மீ.க்குள் மேற்கே போனால் வான் மியூ. 1808-ல் கட்டிய, தேர்வில் தேறிய அறிஞர்களைக் கௌரவிக்கும் இடம். கட்டடம் பெரும்பாலும் போரில் போய்விட்டது. ஆமை முதுகில் நிற்கும் 32 கல்வெட்டுகள் மிச்சம். அங்கே நாங்களும் இரண்டு மாடும் மட்டும்தான் இருந்தோம்.

திரும்பும்போது இருட்டிவிடும். சைக்கிளில் விளக்கு இருக்காது, செல்போன் டார்ச்சைக் கூடையில் கட்டிக்கொண்டு வந்தேன். கரையோரச் சாலையில் வண்டி குறைவு, பயமில்லை. பாலத்தில் ஏறும்போது விளக்குகள் ஒவ்வொரு நிறமாக மாறிக்கொண்டிருந்தன; அதைப் பார்த்து என் மனைவி, "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்றாள்.

எந்த மாதம், எந்தப் பக்கம்

இதைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஹுவேயின் மழை நம் கிழக்குக் கடற்கரை மழையின் பங்காளி. வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும். அக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்க்கும், வெள்ளம் புகுந்து படகு விடுவார்கள். 1999 நவம்பர் வெள்ளத்தை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் வயல் வழி நினைத்தும் பார்க்க வேண்டாம், பாதையே தண்ணீருக்குள் இருக்கலாம். மே முதல் ஆகஸ்ட் வரை மேற்கே லாவோஸ் மலைகளைத் தாண்டி இறங்கும் வறண்ட அனல்காற்று. அப்போது மலைப்பக்கம் கூடாது, வயலுக்கும் விடியலில் மட்டும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை எந்தப் பக்கமும் போகலாம். நாங்கள் போனது மார்ச்சில்.

மச்சினன் போவதும் மார்ச்சில்தான். அதனால் மாதம் அவனுக்குத் தடையில்லை. ஆனால் இரண்டு விஷயம் இருக்கிறது. அவன் மனைவி சைக்கிள் தொட்டுப் பத்து வருடம் ஆகிறதாம், பள்ளிக்கூடத்தோடு சரி. எனவே மலைப்பக்கம் அடிபட்டுப் போகிறது. இரண்டாவது, இருவருமே தஞ்சாவூர் ஜில்லா. தேனிலவுக்குக் கூட்டிக்கொண்டு போய் நெல் வயலைக் காட்டினான் என்று காலத்துக்கும் பேச்சு வாங்குவான். நானே இன்னும் வாங்குகிறேன். வயல் வழி அவ்வளவு பிடித்தும் அவனுக்குச் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

மிச்சம் வடகரை. காலையில் எட்டு மணிக்குக் கோட்டைக்குள் நுழைந்து சந்துகளில் ஒன்றரை மணி நேரம். அரண்மனைக்குள் போவதா வேண்டாமா என்பது அவர்கள் இஷ்டம். நான் என்றால் வெளியே நின்று வாசலைப் பார்த்துவிட்டு டோங் பா சந்தையில் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவேன். ஒரு மணி முதல் மூன்றரை வரை ஹோட்டலில் தூக்கம். இதை வீணான நேரம் என்று நினைக்கக் கூடாது. அந்த வேளையில் ஊரே தூங்குகிறது, சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர் உட்பட. மூன்றரைக்குக் கிம் லாங், உப்புக் காப்பி, தியன் மு, தெம்பிருந்தால் வான் மியூ. மொத்தம் 20 கி.மீ.க்குள் முடிந்துவிடும், அதில் ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப் பாலம் ஒன்றுதான். கோன் ஹென் சிப்பிச்சோற்றை விட மனசில்லாவிட்டால் மறுநாள் காலை ரயிலுக்கு முன்னால் போய்ச் சாப்பிடலாம். சமாதிகளை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இதை எழுதி அவனுக்கு அனுப்பும் முன் மனைவியிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் தியன் மு வந்ததும் நிறுத்தச் சொன்னாள். கல்யாணமாகாத ஜோடி சேர்ந்து அந்தக் கோயிலுக்குப் போனால் பிரிந்துவிடுவார்கள் என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. படகுக்காரம்மா ஒருத்தி எங்களிடம் சொன்னாள். இவர்களுக்குத்தான் கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறதே, பயமென்ன என்றேன். "இருக்கட்டும்ங்க, ஒருத்தர் சைக்கிளைப் பார்த்துக்கட்டும், ஒருத்தர் உள்ளே போய்ட்டு வரட்டும். மாத்தி மாத்திப் போகச் சொல்லுங்க" என்றாள். சேர்த்து எழுதிவிட்டேன்.